படகோரம் வந்த பெரிய மீனைத் தூக்க: ரப்பர் பூச்சு வலை, லிப் கிரிப், கொக்கி – எது காசுக்குத் தகும்?

தூண்டிலில் மாட்டிய பெரிய மீன் பெரும்பாலும் தப்புவது படகை ஒட்டிய கடைசி இரண்டு மீட்டரில். தூரத்தில் இருக்கும்போது மீன் தலையை உதறினால், வெளியே கிடக்கும் நூலும் வளைந்த ராடும் அந்த உதறலை வாங்கிக்கொள்ளும். படகோரம் வந்தபின் வெளியே இருப்பது ஒரு ராடு நீள நூல்தான். அதுவும் பிரெய்டு (மெல்லிழைகளைப் பின்னிச் செய்த நூல்) என்றால் கொஞ்சமும் நீளாது. இழுபறியில் தூண்டில் முள் குத்திய ஓட்டையும் அகன்றிருக்கும். படகையும் ஆட்களையும் கண்டதும் மீன் இன்னொரு முறை பாயும். இந்த நேரத்தில் பாதி வேலை ராடு பிடித்தவருடையது, மீதிப் பாதி பக்கத்தில் நிற்கும் நண்பருடையது.

அந்த நண்பர் கையில் என்ன கருவியைக் கொடுக்கிறோம்? ராடுக்கும் ரீலுக்கும் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, ஏரி மீனுக்குச் செய்த சின்ன மடக்கு வலையோடு கடலுக்குப் போகிறவர்கள் நிறைய. கோவளம், முட்டுக்காடு, பழவேற்காடு, தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் ஃபைபர் படகில் கரையோரமாகத் தூண்டில் போடுகிறவர்களுக்காக மூன்று வகைக் கருவிகளை இங்கே எடைபோடுகிறோம். கணக்கில் எடுத்துக்கொண்ட மீன்கள்: 5 முதல் 15 கிலோ வரையுள்ள கொடுவா, பாரை, வஞ்சிரம், ஊளி, கடல் விரால், கலவா.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால் அகன்ற வளையமும் ரப்பர் பூசிய முடிச்சில்லா வலையும் உள்ள கைவலையை வாங்குங்கள். மீனின் தாடையைக் கவ்விப் பிடிக்கும் லிப் கிரிப் நல்ல கருவிதான். ஆனால் அது மீனைத் தூக்க அல்ல, தூக்கிய மீனைப் பிடித்து வைக்க. கொக்கி, சமையலுக்கு என்று முடிவான மீனுக்கு மட்டும்.

வலை: வாங்கும்போது எதைப் பார்ப்பது

நம் ஊர் அத்தாங்கு தெரிந்தவர்களுக்கு இதன் அமைப்பு புதிதில்லை. வளையம், பை, பிடி, வளையமும் பிடியும் சேரும் கழுத்து என நான்கே பாகங்கள். கெட்டுப்போவது எப்போதும் கழுத்துதான்.

வளையத்தின் வாய் குறைந்தது 60 சென்டிமீட்டர் அகலமும் 70 சென்டிமீட்டர் நீளமும் இருக்கட்டும். 10 கிலோவை நெருங்கும் கொடுவா ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் இருக்கும். அதன் தலையும் தோளும் தடையில்லாமல் உள்ளே போனால் போதும், வால் தானாக மடிந்து பைக்குள் விழும். 45 சென்டிமீட்டர் வளையத்தில் அதே மீன் குறுக்கே விளிம்பில் மோதி நிற்கும். அந்த மோதலிலேயே முள் கழன்றுவிடும். பையின் ஆழம் 50 முதல் 65 சென்டிமீட்டர் வரை சரி. அதைவிட ஆழமானால் மீன் உள்ளே சுருண்டு முறுக்கிக்கொள்ளும். ஆழம் குறைந்தால் துள்ளி வெளியே வந்துவிடும். அடி தட்டையாக வைத்துத் தைத்த பை கிடைத்தால் அதையே எடுங்கள். மீன் நீளவாக்கில் படுக்கும், முதுகெலும்பு மடங்காது, அளவெடுப்பதும் எளிது.

பிடியின் நீளம் உங்கள் படகின் விளிம்பு தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரம் என்பதைப் பொறுத்தது. விளிம்பு முக்கால் மீட்டருக்குள் இருக்கும் ஃபைபர் படகுக்கு 1.2 முதல் 1.5 மீட்டர் பிடி போதும். முட்டுக்காடு பாலம் போன்ற உயரமான இடத்துக்கு இந்த வலை உதவாது. அங்கே கயிற்றில் இறக்கும் வளைய வலை வேறு வகை. இரண்டு மீட்டருக்கு மேல் நீளும் பிடிகள் கடையில் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் நீட்டிய நிலையில் நுனியில் 8 கிலோ மீன் விழுந்தால் குழாய் வளையும், இல்லையென்றால் பூட்டுப் பொத்தான் இருக்கும் ஓட்டை கிழியும்.

பை எதனால் ஆனது என்பதில்தான் காசு கூடுவதும் குறைவதும். மலிவான வலைகளில் முடிச்சுப் போட்ட நைலான் பை வரும். அதன் முடிச்சுகள் மீனின் வழுவழுப்புப் படலத்தைச் சுரண்டும், துடுப்பு ஓரங்களைக் கிழிக்கும். நன்னீர் மீன்களை வைத்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, முடிச்சுள்ள நைலான் வலையில் பிடித்த மீன்களுக்குக் காயமும் சாவும் ரப்பர் வலையைவிடக் கூடுதல் என்று காட்டியது. மீனைத் திரும்ப விடுகிற எண்ணமே இல்லாதவர்களும் இந்தப் பையைத் தவிர்க்க இன்னொரு காரணம் உண்டு. மூன்று முள் கொத்து உள்ள லூர் (போலி இரை) இதில் மாட்டினால், ஒவ்வொரு முள்ளையும் நூலிலிருந்து பிரித்தெடுப்பதற்குள் மீன் கூட்டம் கடந்து போய்விடும்.

முழுக்க ரப்பரால் வார்த்த பையில் முள் சிக்காது. ஆனால் அது கனம். தண்ணீரில் இழுத்தால் நீரைப் பிடித்துக்கொண்டு வராது. நீரோட்டம் வேகமாக உள்ள முகத்துவாரத்தில் அதை ஒரு கையால் பிடித்து நிறுத்துவதே பெரும்பாடு. இரண்டுக்கும் நடுவே இருப்பது முடிச்சில்லாமல் பின்னி மேலே ரப்பர் பூசிய பை. இலேசானது, தண்ணீர் தடையில்லாமல் ஓடும், முள் எப்போதாவது சிக்கினாலும் ஒரு திருகலில் வந்துவிடும். கடலுக்கு இதுதான். கண்ணியின் அளவு பெரிய விரல் நுழையாத அளவாக இருக்கட்டும். பெரிய கண்ணியில் பாரையின் துடுப்பும் கெளிறின் முள்ளும் நுழைந்து மாட்டும். கெளிறின் முள் மாட்டினால் நஞ்சுள்ள அந்த முள்ளைக் குறடால் உடைத்தோ கண்ணியை வெட்டியோதான் பிரிக்க வேண்டும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிடியை முழுதாக நீட்டிப் பூட்டுங்கள். வளையத்தின் நுனியைத் தரையில் ஊன்றி, பிடியை உள்ளங்கையால் கீழ்நோக்கி அழுத்துங்கள். கழுத்தில் 'டக்' என்ற ஆட்டம் தெரிந்தால், பிளாஸ்டிக் கழுத்து வெள்ளையாக வெளுத்தால், அந்த வலை கடலுக்கு ஆகாது. வீட்டுக்கு வந்ததும் 10 லிட்டர் தண்ணீர் கேனைப் பைக்குள் வைத்து, வளையத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். தையல் எங்கே இளகுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். கடைக்காரரிடம் மாற்றிக்கொள்ளவும் நேரம் இருக்கும்.

உப்புநீரில் முதலில் போவது பூட்டுப் பொத்தானுக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங். அடுத்தது, அலுமினியக் குழாயில் எஃகு ரிவெட் அடித்த இடம். இரண்டு உலோகம் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்தால் அதுதான் அறிகுறி. ஒவ்வொரு முறையும் பிடியைக் கழற்றி, குழாயின் உள்ளே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, பொத்தானில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவினால் நீண்ட நாள் உழைக்கும். பையை வெயிலில் போடாதீர்கள். பெட்ரோல் கேன் பக்கத்திலும் வைக்காதீர்கள். ரப்பர் பூச்சு பிசுபிசுத்து உரியும்.

வலையைக் கையில் வாங்கியவர் செய்ய வேண்டியவை

எவ்வளவு நல்ல வலையானாலும் மீனைத் துரத்திப் பிடிக்க அது செய்யப்பட்டதல்ல. வலை சும்மா நிற்க வேண்டும். மீன் அதற்குள் வர வேண்டும். நண்பருக்கு உதவுகிறவர்கள் இதை மறப்பதால்தான் பாதி மீன் போகிறது.

மீன் மாட்டியதும் முதல் வேலை படகைச் சுத்தம் செய்வது. மற்ற தூண்டில்களை உடனே சுருட்டுங்கள். பெட்டி, தண்ணீர்க் கேன், அவிழ்ந்து கிடக்கும் கயிறு எல்லாம் அணியத்துப் பக்கம் (படகின் முன்பக்கம்) ஒதுங்கட்டும். நங்கூரம் போட்டிருந்தால் பெரிய மீன் அந்தக் கயிற்றைச் சுற்றப் பார்க்கும். கயிற்றின் நுனியில் மிதவையைக் கட்டி அப்படியே அவிழ்த்துவிடுங்கள், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். நம் ஃபைபர் படகுகளில் இருக்கும் நீளத் தண்டு டீசல் என்ஜின் என்றால், என்ஜினை நிறுத்தியதும் தண்டைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட வேண்டும். கீழே தொங்கும் தண்டும் விசிறியும் பிரெய்டை ஒரு நொடியில் அறுக்கும்.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக மீனைக் கொண்டுவரச் சொல்லுங்கள். காற்று படகைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மீன் எதிர்ப்பக்கம் இருந்தால் படகு அதன் மேலேயே ஏறும். நூல் அடிப்பக்கம் உராயும். அப்படி மீன் படகுக்கு அடியில் பாய்ந்துவிட்டால் ராடு பிடித்தவர் நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, அணியத்தையோ அமரத்தையோ (பின்பக்கம்) சுற்றி மறுபக்கம் வர வேண்டும். அவருக்கு வழிவிடுவதும், இடுப்பைப் பிடித்து நிதானம் கொடுப்பதும் துணைக்கு நிற்பவர் வேலை.

எங்கே நிற்பது? ராடு பிடித்தவர் மீனை எந்தத் திசையில் வழிநடத்துகிறாரோ, அந்தத் திசையில் அவருக்கு ஒரு கை தூரம் தள்ளி. மீன் இடமிருந்து வலமாக வருகிறது என்றால் நீங்கள் வலப்பக்கம். அப்போதுதான் தலை முதலில் வலையைச் சந்திக்கும். மீனால் பின்னோக்கிப் பாய முடியாது. வால் பக்கம் வலையைக் கொண்டுபோனால் ஒரே அடியில் முன்னோக்கிப் பாய்ந்துவிடும்.

மீன் முதல் முறை மேலே தெரிந்ததும் வலையை நீட்டக் கூடாது. கண் முன்னே வலை வந்தால் இன்னொரு ஓட்டம் நிச்சயம். அது ஒருபக்கமாகச் சாய்ந்து, தலை மேலே நிமிர்ந்து, வாயால் தண்ணீரைக் குடிப்பதுபோல் தெரியும் வரை வலை படகுக்குள்ளேயே இருக்கட்டும். பிறகு வளையத்தைச் சுமார் 45 பாகை சாய்வில் பாதிக்கு மேல் தண்ணீரில் அமிழ்த்தி அசைக்காமல் பிடியுங்கள். பையின் அடியைப் பிடியோடு சேர்த்துக் கையில் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். விட்டால் பை மிதந்து வெளியே புரண்டு, வாயோரம் தொங்கும் லூரின் முள் வெளிப்புறத்தில் மாட்டும். மூன்று முள் கொத்து விளிம்பில் மாட்டி மீன் வெளியே தொங்குவதுதான் இந்த வேலையில் நடக்கும் மிக மோசமான விபத்து; தலையை ஓர் உதறு உதறினால் முடிந்தது. லூரில் கொத்து முள்ளை எடுத்துவிட்டு ஒற்றை முள் போட்டால் இந்த ஆபத்து பாதியாகக் குறையும்.

இப்போது ராடு பிடித்தவர் ஓர் எட்டு பின்னால் வைத்து, மீனின் தலையை நீர்மட்டத்தில் வழுக்கிக்கொண்டு வலைக்கு மேலே கொண்டுவருவார். நுனியிலிருந்து மீன் வரை ஒரு ராடு நீளத்துக்கு நூல் வெளியே இருக்க வேண்டும், சுமார் 2 மீட்டர். நூலோடு லீடரை (மீன் பக்கம் கட்டும் கனத்த நூல்துண்டு) சேர்க்கும் முடிச்சை ராடின் நுனி வளையத்துக்குள் சுருட்டிவிட்டால் மீன் பாயும்போது முடிச்சு அங்கே சிக்கும். ராடின் அடிப்பகுதி 45 பாகைக்கு மேல் நிமிரவும் கூடாது. செங்குத்தாகத் தூக்கினால் சுமை முழுவதும் நுனிக்குப் போகும். கார்பன் ராடு மூன்று துண்டாகும்.

"போடு" என்ற சொல் ராடு பிடித்தவரிடமிருந்து மட்டும் வரட்டும். தலையும் தோளும் வளையத்தைக் கடந்ததும் சுருட்டிய பையை விட்டுவிட்டு, வளையத்தை முன்னோக்கித் தள்ளி நிமிர்த்துங்கள். அதே நொடியில் ராடு பிடித்தவர் நூலைத் தளர்த்த வேண்டும், ரீலில் நூலைப் பிடிக்கும் கம்பியான பெயிலைத் திறந்தாலும் சரி, நூல் ஓடும் இறுக்கமான டிராக்கை இளக்கினாலும் சரி. இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் அவரே மீனை வலையிலிருந்து வெளியே இழுத்துவிடுவார். முள் தெறித்து முகத்துக்கும் வரலாம்.

தூக்குவதில் ஒரு கணக்கு உண்டு. பிடியின் கடைசியைப் பிடித்து மண்வெட்டிபோல் நெம்பித் தூக்காதீர்கள். 1.4 மீட்டர் பிடியின் நுனியில் 10 கிலோ தொங்கினால் எந்தக் கழுத்தும் தாங்காது. பிடியைச் செங்குத்தாக நிறுத்தி, கைமாற்றிக் கைமாற்றி மேலே இழுத்து, வளையம் படகோரம் வந்ததும் விளிம்பை இரண்டு கையாலும் பற்றி உள்ளே உருட்டுங்கள். முட்டியைப் படகின் உட்பக்கம் அணைத்து நின்றால் அலை ஆட்டினாலும் தடுமாற்றம் இருக்காது.

லீடரைக் கையால் பிடிக்க வேண்டி வந்தால் கையுறையோடு, விரலுக்கிடையில் அழுத்திப் பிடியுங்கள். மணிக்கட்டில் சுற்றாதீர்கள், மீன் பாய்ந்தால் விட முடியாமல் கையோடு இழுக்கும். பிரெய்டை வெறுங்கையால் தொடவே கூடாது, தசை வரை அறுக்கும். சாதனைக்கு மீனைப் பதிய நினைப்பவர்கள் ஐ.ஜி.எஃப்.ஏ. (மீன்பிடி சாதனைகளைப் பதியும் பன்னாட்டு அமைப்பு) விதியை நினைவில் வைக்க வேண்டும். மீன் மாட்டியபின் வேறொருவர் ராடையோ ரீலையோ நூலையோ தொட்டால் தகுதி போய்விடும். லீடரைப் பிடிக்கலாம், வலை போடலாம், கொக்கி போடலாம். வலைக்கும் கொக்கிக்கும் மொத்த நீளம் 2.44 மீட்டருக்கு மிகக் கூடாது.

லிப் கிரிப்

இந்த வகையில் பெயர்பெற்றது அமெரிக்காவின் அலபாமாவில் செய்யப்படும் போகா கிரிப். 15, 30, 60 பவுண்டு என மூன்று அளவு. நம் கணக்கில் ஏறத்தாழ 6.8, 13.6, 27.2 கிலோ. பிடியிலுள்ள உருளையைப் பின்னால் இழுத்தால் இரண்டு தாடையும் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். தலைப்பகுதி தாராளமாகச் சுழலும் என்பதால் மீன் புரண்டாலும் மணிக்கட்டு முறுக்காது. உள்ளேயே ஸ்பிரிங் தராசு உண்டு; அதை ஐ.ஜி.எஃப்.ஏ.-விடம் அனுப்பிச் சான்று வாங்கிக்கொள்ளவும் முடியும். விலை நூறு டாலருக்கு மேல். தண்ணீரில் விழுந்தால் மூழ்கும், ஆகவே கயிறு கட்டாமல் எடுக்காதீர்கள். நம் கரையோர மீன்களுக்கு 30 பவுண்டு அளவே பொருத்தம்.

வஞ்சிரம், ஊளி போன்ற கத்திப் பல் மீன்களின் வாயருகே விரலைக் கொண்டுபோகாமல் முள்ளைக் கழற்ற இதைப்போல் வசதி வேறில்லை. கொடுவாவின் செவுள் மூடி ஓரம் கூர்மையானது, அங்கே கைவைத்தால் ரத்தம் வரும். அதற்கும் இது பாதுகாப்பு.

இதைக் கொண்டே மீனைத் தண்ணீரிலிருந்து தூக்குவதைத்தான் நாங்கள் பரிந்துரைக்கவில்லை. துடிப்பு அடங்காத மீனின் வாயில் தாடையை மாட்ட, கையைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கி மீனின் முகத்துக்கு ஓரடி அருகில் கொண்டுபோக வேண்டும். அங்கேதான் லூரின் மற்ற முட்கள் ஆடிக்கொண்டிருக்கும். கருவியின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டியிருந்தால் மீன் புரளும்போது கையைப் பிடுங்கவும் முடியாது. கயிற்றைப் படகில் கட்டுங்கள், கையில் வேண்டாம். இன்னொன்று: பெரிய மீனைத் தாடையில் தொங்கவிட்டால் உடல் பாரம் முழுவதும் தாடை மூட்டிலும் முதுகெலும்பிலும் விழும். கொடுவாவை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு, இந்தக் கருவியால் வாயில் காயம் ஏற்படுவதைப் பதிவு செய்திருக்கிறது. எடை பார்க்க வேண்டுமென்றால் மீனை வலையோடு சேர்த்துத் தராசில் மாட்டி, பிறகு ஈரமான வெறும் வலையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மிதக்கும் பிளாஸ்டிக் கிரிப், முள் கழற்றும் வேலைக்கு மட்டும் என்றால் தாராளமாகப் போதும். துருவும் பிடிக்காது. 5 கிலோவுக்கு மேல் அதை நம்பித் தொங்கவிடாதீர்கள்.

கொக்கி

கம்பின் நுனியில் பெரிய வளைந்த முள், அவ்வளவுதான் கொக்கி. வலைக்குள் அடங்காத நீள மீனுக்கும் வலையைக் கடித்துக் கிழிக்கும் மீனுக்கும் இது வேண்டும். ஒரு மீட்டரைத் தாண்டிய வஞ்சிரம், ஊளி, கடல் விரால் இந்தப் பட்டியலில் வரும். வாய் அகலம் 6 முதல் 8 சென்டிமீட்டர், கம்பு 1.2 மீட்டர், வழுக்காத ரப்பர் பிடி, முனைக்கு உறை. உறை இல்லாத கொக்கியை அலையில் ஆடும் படகில் வைத்திருப்பது மீனைவிட ஆளுக்கு ஆபத்து.

போடும் இடம் தலைக்குப் பின்னால் தோள் பகுதி. கொக்கியை மீனின் முதுகுக்கு மேலே, நூலுக்குப் பின்னால் கொண்டுபோய், உங்களை நோக்கி ஒரே இழுப்பாக இழுத்து அதே வேகத்தில் உள்ளே கொண்டுவர வேண்டும். ஓங்கி வெட்டுவதுபோல் வீசினால் நூலில் பட்டு அறும். வயிற்றில் குத்தினால் சதை கிழிந்து மீன் போய்விடும், கிடைத்தாலும் இறைச்சி பாழ். தவறிவிட்டால் உடனே மறுபடி வீசாமல், மீன் திரும்பச் சாயும் வரை காத்திருங்கள்.

கடல் விரால் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். படகோரம் சாதுவாக வந்துவிட்டதே என்று களைக்காத கடல் விராலைக் கொக்கியில் தூக்கினால், படகுக்குள் விழுந்தபின்தான் அது சண்டையைத் தொடங்கும். ராடு, கால், கேன் எதுவும் மிஞ்சாது. முதுகில் வரிசையாகக் கூர்முட்களும் உண்டு. இரண்டு ஓட்டமாவது கூடுதலாக ஓடவிட்டு, ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, பிறகே தூக்குங்கள். கொக்கியோடு நேராகப் பெட்டிக்குள் இறக்கி மூடிமேல் உட்கார்ந்துவிடுவது நல்லது.

வஞ்சிரத்தைத் தூக்கிய உடனே செவுளை அறுத்து ரத்தம் வடித்து, ஐஸும் கடல்நீரும் கலந்த தொட்டியில் போடுங்கள். வஞ்சிரம், சூரை இனங்களில் வெப்பத்தில் கிடந்தால் ஹிஸ்டமின் உருவாகும். சமைத்தாலும் அது போகாது, உடம்பெங்கும் தடிப்பும் தலைவலியும் வரும்.

கொடுவாவுக்குக் கொக்கி வேண்டவே வேண்டாம். இந்த மீன் ஆணாகப் பருவமடைந்து பல ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுவது. ஒரு மீட்டர் நீளக் கொடுவா என்றால் அநேகமாக முட்டையிடும் பெண். முட்டுக்காடு, பழவேற்காடு போன்ற கழிமுகங்களில் மறுபடி கொடுவா கிடைக்க வேண்டுமென்றால் அந்த அளவு மீனை வலையில் எடுத்து, ஈரக்கையால் வயிற்றைத் தாங்கிக் கிடைமட்டமாகப் பிடித்து, நீரோட்டத்துக்கு எதிர்முகமாக வைத்து, தானே வாலை உதைத்துப் போகும்வரை நின்று விட வேண்டும். ரப்பர் பூச்சு வலையின் முழுப் பயனும் இங்கேதான் தெரியும். மீனைத் தண்ணீரிலேயே வலைக்குள் வைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றலாம், மூச்சு வாங்க விடலாம்.

பாரைக்கு வலையே போதும். வலை சிறியதாகிவிட்டால் வால் தண்டைப் பிடித்துத் தூக்கலாம். அங்கே இரு பக்கமும் வரிசையாக எலும்புச் செதில்கள் இருக்கின்றன, வெறுங்கையை அறுக்கும். ரப்பர் உள்ளங்கை கொண்ட சாதாரண வேலைக் கையுறை ஒரு ஜோடி வாங்கிப் பெட்டியில் போட்டுவையுங்கள். நீண்ட மூக்குக் குறடும், முள்ளையே வெட்டக்கூடிய கட்டரும் அதோடு இருக்கட்டும். யார் கையிலாவது முள் ஏறிவிட்டால் முதலில் வேண்டியது கட்டர்தான். மீனிலிருந்து லூரைத் துண்டித்த பிறகே மற்றதெல்லாம்.

யார் எதை வாங்கலாம்

கழிமுகத்திலும் பாறை ஓரத்திலும் கொடுவா, பாரை, கலவா தேடுகிறவர்களுக்கு ரப்பர் பூச்சு வலையும் மலிவான பிளாஸ்டிக் கிரிப்பும் போதும், கொக்கி தேவையில்லை. தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் லூரை இழுத்துக்கொண்டே வஞ்சிரத்துக்கும் கடல் விராலுக்கும் போகிறவர்கள் வலையோடு கொக்கியும் எடுத்துச் செல்ல வேண்டும். எஃகு கிரிப் அவர்களுக்கு உதவும். தனியாகப் படகில் போகிறவர் 1 மீட்டர் பிடியுள்ள சின்ன வலையை எடுக்கட்டும். ஒரு கையில் ராடும் மறுகையில் வலையுமாகச் சமாளிக்க அதற்கு மேல் நீளம் இடைஞ்சல்.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986 முதல் தேசியப் பூங்கா, அதற்குள் தூண்டிலே போடக் கூடாது. வெளியே இருந்தாலும் சில மீன்களை எந்தக் கருவியாலும் படகேற்றக் கூடாது. வேளா (ரம்பம்போல் மூக்குள்ள மீன்), திமிங்கலச் சுறா, பூதக் கலவா மூன்றும் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. பெரிய திருக்கையையும் படகேற்ற முயல வேண்டாம், வால் முள்ளின் வீச்சு எட்டும் தூரத்தில் யாரும் நிற்க முடியாது. இப்படி எது மாட்டினாலும் வலையையும் கொக்கியையும் கீழே வைத்துவிட்டு, லீடரை வாய்க்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வெட்டிவிடுங்கள். ஒன்றரை மீட்டர் கம்பின் நுனியில் பொருத்தும் நூல் வெட்டி ஒன்று இதற்கு வசதி. வலை வாங்கும் கடையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.